மெல்லிய குண்டா, தடித்த குண்டா? யானை வேட்டைக்காரர்களின் பழைய சண்டை

ஜிம் கார்பெட்டை நான் முதலில் படித்தது எட்டாம் வகுப்பில், ஊர் நூலகத்தில், தமிழில். புலி, காடு, பயம் எல்லாம் புரிந்தது. புரியாமல் நின்றது துப்பாக்கிகளின் பெயர்தான். ஒரு இடத்தில் .275 என்று வரும், இன்னொரு இடத்தில் .500 என்று வரும். முன்னால் எதற்கு ஒரு புள்ளி? பெரிய நம்பர் என்றால் பெரிய துப்பாக்கியா? அப்படின்னா இந்த மனுஷன் ஏன் சின்ன நம்பர் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு ஆட்கொல்லிப் புலியிடம் போகிறார்? நூலகரைக் கேட்டேன். "கதையைப் படிடா" என்று அனுப்பிவிட்டார்.

முப்பது வருஷம் கழித்துப் போன கோடையில் அந்தக் கேள்வியை மறுபடி கையில் எடுத்தேன். தேடிப் போனால், இது நூறு வருடத்துக்கு மேலாக நடந்துகொண்டிருக்கும் ஒரு பெரிய சண்டை என்று தெரிந்தது. இந்தக் கட்டுரை அந்தச் சண்டையைப் பற்றியது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குத் துப்பாக்கி அனுபவம் என்றால் கல்லூரி என்.சி.சி.யில் .22 ரைஃபிளில் சுட்ட ஐந்து குண்டுகள்தான். அதிலும் இரண்டு பலகையிலேயே படவில்லை. நம் நாட்டில் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தோடு வேட்டை முடிந்துபோன கதை. அது முடிந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். இங்கே பேசப்போவது வரலாறும் கொஞ்சம் இயற்பியலும்.

அந்தப் புள்ளிக்கு என்ன அர்த்தம்?

.275 என்றால் குழாயின் உள்விட்டம் ஒரு அங்குலத்தில் 0.275 பங்கு. ஏறக்குறைய 7 மில்லிமீட்டர், அதாவது ஒரு பென்சில் தடிமன். .500 என்றால் அரை அங்குலம், 12.7 மில்லிமீட்டர். இதுதான் கேலிபர்.

அதற்கு முந்தைய காலத்தில் கணக்கு வேறு. ஒரு பவுண்டு ஈயத்தில், அதாவது 454 கிராமில், குழாய்க்குப் பொருந்துகிற உருண்டைகள் எத்தனை வார்க்கலாம் என்பதுதான் அளவு. பன்னிரண்டு வந்தால் 12 போர். இன்றைக்கும் நம் ஊர்ப் பக்கம் தோட்டக் காவலுக்கு உரிமம் வாங்கி வைத்திருக்கும் துப்பாக்கிக்கு அந்தப் பெயர்தான். நான்கே உருண்டை வந்தால் 4 போர். அதாவது ஒரு குண்டு மட்டும் நூறு கிராமுக்கு மேல்! எண் சிறிதானால் குண்டு பெரிது. கேலிபர் கணக்குக்கு நேர் எதிர்.

இவ்வளவு பெரிய குண்டு எதற்கு? அன்றைக்கு வேறு வழி இல்லை. கருமருந்தை எவ்வளவு அள்ளிப் போட்டாலும், கனமான குண்டின் வேகம் வினாடிக்கு 450 மீட்டர் பக்கம் வந்ததும் திணறிவிடும். வேகத்தைக் கூட்ட முடியாது என்றால் எடையைத்தான் கூட்டவேண்டும். வெறும் ஈயம் எலும்பில் பட்டால் நசுங்கிவிடும் என்பது இன்னொரு தொல்லை. அதனால் யானை, எருமை என்று போனவர்கள் தோளில் கிட்டத்தட்ட ஒரு குட்டிப் பீரங்கியைச் சுமந்தார்கள்.

இதற்கு நல்ல உதாரணம் இலங்கையில் இருக்கிறது. 1840களின் கடைசியில் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர், பிறகு நைல் நதியின் மூலத்தைத் தேடிப் போய்ப் புகழ்பெற்ற அதே பேக்கர், பிரிஸ்டல் நகரின் கிப்ஸ் என்ற துப்பாக்கிக்காரரிடம் ஒரு ஒற்றைக்குழல் ரைஃபிள் செய்து வாங்கினார். எடை 21 பவுண்டு, ஒன்பதரை கிலோ. கூம்புக் குண்டு 113 கிராம். ஒரு வெடிக்கு 28 கிராம் கருமருந்து. பின்னாளில் ஆப்பிரிக்காவுக்கு இதைவிடப் பெரிய ஒன்றைக் கொண்டுபோனார். உடன் வந்த அரபு வேட்டைக்காரர்கள் அதற்கு வைத்த பெயர் 'பீரங்கியின் பிள்ளை'. அதைச் சுட்டால் சுட்டவரே சுழன்று போவாராம்.

அந்த உதைக்கு விலை உண்டு. 1870களின் தொடக்கத்தில் தென்னாப்பிரிக்காவுக்கு வடக்கே வேட்டையாடிய ஃபிரெடெரிக் செலூஸ், மலிவான 4 போர் துப்பாக்கிகளைக் கொண்டு மூன்று பருவங்களில் 78 யானைகளைக் கொன்றார். ஆனால் அந்த உதை தன் நரம்புகளைப் பாதித்துவிட்டது, அதன் பிறகு குறி பார்ப்பதே கெட்டுவிட்டது, அவற்றைத் தொட்டிருக்கவே கூடாது என்று பிற்காலத்தில் வருத்தப்பட்டு எழுதினார். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய குண்டு குறி தவறினால் உதவும் என்பது ஒரு கட்சியின் வாதம். பெரிய குண்டே குறியைத் தவறவைக்கும் என்பது எதிர்க்கட்சியின் வாதம்.

1884க்குப் பிறகு

பிரான்சில் பால் வியெய் என்ற வேதியியலாளர் 1884இல் புகையில்லா வெடிமருந்தைக் கண்டுபிடித்தார். ஐந்து வருடத்தில் பிரிட்டனில் கார்டைட் வந்தது. வேகத்துக்கு இருந்த தடை உடைந்தது. வினாடிக்கு 600, 700 மீட்டர் சாதாரணமானது. அந்த வேகத்தில் வெறும் ஈயம் தாங்காது என்பதால் குண்டுக்கு உலோக உறை போட்டார்கள்.

இங்கேதான் பாதை இரண்டாகப் பிரிந்தது. ராணுவங்கள் மெலிந்த குண்டுகளை நோக்கிப் போயின. பிரிட்டனின் .303, ஜெர்மனியின் மவுசர் நிறுவனம் 1890களில் கொண்டுவந்த 7 மில்லிமீட்டர் எல்லாம் அந்த வகை. இந்த 7 மில்லிமீட்டர் தோட்டாவைத்தான் லண்டனின் ரிக்பி நிறுவனம் .275 என்று பெயர் மாற்றி வேட்டைக்காரர்களுக்கு விற்றது. என் எட்டாம் வகுப்புப் புதிருக்குப் பாதி விடை அங்கே கிடைத்தது.

அதே ரிக்பி நிறுவனம்தான் 1898இல் .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ் என்ற இன்னொரு பாதையையும் திறந்தது. பெரிய குண்டு, கூடவே புதிய வேகம். நாலரை, ஐந்து கிலோ இரட்டைக்குழல் ரைஃபிளில் பழைய 4 போரைவிட ஆழமாகப் பாயும் சக்தி.

இந்த .450க்கு ஒரு சுவையான இந்தியத் தொடர்பு உண்டு. பழைய மார்ட்டினி-ஹென்றி ராணுவத் துப்பாக்கியும் அதே .450 அளவுதான். அவை ஏராளமாக வடமேற்கு எல்லைப் பழங்குடிகள் கையிலும் சூடானிலும் இருந்தன. வேட்டைக்கு என்று வரும் .450 பொருட்கள் அங்கே போய்ச் சேர்ந்துவிடும் என்று பயந்த அரசு, இருபதாம் நூற்றாண்டின் முதல் சில வருடங்களிலேயே அந்த அளவை இந்தியாவுக்கும் சூடானுக்கும் தடை செய்தது. பிரிட்டிஷ் துப்பாக்கிக்காரர்களுக்கு இந்தியா பெரிய சந்தை. விடுவார்களா? .465, .470, .475, .476 என்று வரிசையாகப் புது அளவுகள் வந்தன. யானைக்கு இந்த வித்தியாசமெல்லாம் தெரியப்போவதில்லை. ஒரு சட்டப் பிரிவைத் தாண்டுவதற்காகப் பிறந்த எண்கள் அவை. சுதந்திரத்துக்குப் பிறகும் ராணுவ அளவுகள் பொதுமக்களுக்குத் தடை என்ற அதே தர்க்கம் தொடர்ந்தது. நம் அரசுத் தொழிற்சாலைகள் .303க்குப் பதில் .315 ரைஃபிள் செய்து விற்றது அதனால்தான்.

பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர்

மெல்லிய குண்டுக் கட்சியின் தலைவர் என்றால் டபிள்யூ. டி. எம். பெல். 1880இல் பிறந்தவர். உகாண்டாவின் வடகிழக்கில் உள்ள கரமோஜா பகுதியில் பல வருடம் தந்தத்துக்காக வேட்டையாடியதால் 'கரமோஜோ' பெல் என்றே பெயர் ஆகிவிட்டது. வாழ்நாளில் கொன்ற யானைகள் 1,011 என்பது அவர் கணக்கு. அதில் பெரும்பகுதி 7 மில்லிமீட்டர் மவுசரால். பென்சில் தடிமன் குண்டு, எடை 11 கிராம்!

இந்த எண்ணிக்கையைப் படித்ததும் எனக்கு வியப்பைவிட வயிற்றைப் பிசைவதுதான் அதிகம் இருந்தது. பியானோ கட்டைக்கும் பில்லியர்ட்ஸ் பந்துக்கும் போன உயிர்கள். ஆனால் எப்படிச் செய்தார் என்ற கேள்விக்குப் பதில் தேடாமல் இந்தச் சண்டையைப் புரிந்துகொள்ள முடியாது.

பெல் செய்தது இதுதான். செத்த யானையின் மண்டையை ரம்பத்தால் அறுத்துப் பார்த்தார். யானையின் தலை வெளியிலிருந்து பார்க்கத்தான் பாறை. உள்ளே பெரும்பகுதி தேன்கூடு மாதிரி காற்றறைகள் உள்ள எலும்பு. மூளை ஒரு ரொட்டி அளவுதான், தலையின் பின்பகுதியில் தாழ்வாக இருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்பதை எந்தக் கோணத்திலிருந்து பார்த்தாலும் சொல்லும் அளவுக்கு மனதில் பதியவைத்துக்கொண்டார். பின்பக்கமாகச் சாய்ந்த கோணத்தில் கழுத்துத் தசை வழியாக மூளைக்குச் சுடும் முறைக்கு இன்றும் அவர் பெயர்தான்.

பெரிய இரட்டைக்குழல் துப்பாக்கிகளையும் அவர் பயன்படுத்திப் பார்த்தவர்தான். மூளையில் பட்டால் இரண்டுக்கும் விளைவு ஒன்றே என்று கண்டார். அப்புறம் எதற்கு ஐந்து கிலோவைச் சுமக்கவேண்டும்? சின்ன ரைஃபிளில் உதை குறைவு, குறி தப்பாது, தோட்டா மலிவு, நாள் முழுக்க நடக்கலாம். முக்கியமாகச் சத்தம் குறைவு. கூட்டத்தில் ஒன்று விழுந்தாலும் மற்றவை எங்கிருந்து ஆபத்து என்று தெரியாமல் நிற்கும். வியாபாரியாகப் பார்த்தால் இதைவிடச் சிக்கனமான முறை கிடையாது.

ஒரு எக்செல் கணக்கு

இந்த இடத்தில் எனக்குச் சந்தேகம் வந்தது. 11 கிராம் குண்டு எப்படி அவ்வளவு எலும்பைத் துளைத்துப் போகும்? தொழில்புத்தி, எக்செலைத் திறந்தேன்.

ஒரு பக்கம் பெல்லின் 7 மில்லிமீட்டர்: எடை 11.2 கிராம், வேகம் வினாடிக்கு சுமார் 700 மீட்டர். இன்னொரு பக்கம் .470 நைட்ரோ எக்ஸ்பிரஸ்: எடை 32.4 கிராம், வேகம் சுமார் 655 மீட்டர். இயக்க ஆற்றல் முதலாவதுக்கு ஏறத்தாழ 2,750 ஜூல், இரண்டாவதுக்கு 6,950 ஜூல். இரண்டரை மடங்கு. உந்தத்திலும் அதே மாதிரி பெரிய வித்தியாசம். இதுவரை பெரியதுதான் ஜெயிக்கிறது.

அடுத்த பத்தியில் எடையைக் குண்டின் முகப்பரப்பால் வகுத்தேன். ஒரு சதுர மில்லிமீட்டர் முகத்துக்குப் பின்னால் எத்தனை கிராம் தள்ளிக்கொண்டு வருகிறது என்ற கணக்கு. 7 மில்லிமீட்டருக்கு 0.27 கிராம். .470க்கு 0.28 கிராம். கிட்டத்தட்ட ஒன்றேதான்! கோணியூசியையும் கடப்பாரையையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஆழமாகப் போவதற்கு மொத்த எடையைவிட முனையின் மேல் விழும் எடைதான் முக்கியம். வேகமும் ஏறக்குறைய சமம் என்பதால், குண்டு நசுங்காமல், வளையாமல் நேராகப் போகுமென்றால் மெலிந்ததும் தடித்ததும் கிட்டத்தட்ட ஒரே ஆழம் போகும். பெல் பயன்படுத்தியது முழுக்க உலோக உறை போட்ட, மழுங்கிய முனையுள்ள, நீளமான குண்டு. வேட்டைக்காரர்கள் சாலிட் என்று சொல்வது. நசுங்காது.

ஆக, பெல் மந்திரவாதி இல்லை. இயற்பியல் அவர் பக்கம் இருந்தது.

ஆனால் அந்தக் கணக்கு ஆழத்தை மட்டும்தான் சொல்கிறது. ஒன்று பென்சில் போட்ட ஓட்டை, மற்றது கட்டைவிரல் போட்ட ஓட்டை. முகப்பரப்பில் கிட்டத்தட்ட மூன்று மடங்கு வித்தியாசம். மூளையில் பட்டால் ஓட்டையின் அளவு பொருட்டில்லை. பக்கத்தில் பட்டால்?

தவறிய குண்டுக்கு ஒரு சூத்திரம்

எதிர்க்கட்சியின் பெரிய பெயர் ஜான் டெய்லர். அயர்லாந்துக்காரர். 'போண்டோரோ' என்பது பட்டப்பெயர். மொசாம்பிக்கிலும் சாம்பெசி ஆற்றுப் பகுதியிலும் வேட்டையாடியவர், பெரும்பாலும் அனுமதி இல்லாமல். 1948இல் வந்த அவருடைய ஆப்பிரிக்க ரைஃபிள்கள் பற்றிய புத்தகம் இன்றும் துப்பாக்கிக்காரர்களிடையே பேசப்படுவது.

அதில் ஒரு சூத்திரம் தருகிறார். குண்டின் எடை, வேகம், விட்டம் மூன்றையும் பெருக்கி 7,000ஆல் வகுக்கவேண்டும். எடை கிரெயினில், வேகம் அடியில், விட்டம் அங்குலத்தில். வருகிற எண்ணை 'நாக்-அவுட் மதிப்பு' என்றார். போட்டுப் பார்த்தேன். பெல்லின் 7 மில்லிமீட்டருக்கு 16. .470க்கு 72 பக்கம். .600 என்ற ராட்சதத்துக்கு 150 பக்கம்.

இந்தச் சூத்திரத்தைக் கேலி செய்பவர்கள் நிறைய. எந்த இயற்பியல் அலகிலும் அடங்காத எண் அது, உண்மைதான். நானும் முதலில் சிரித்தேன். பிறகுதான் டெய்லர் இதை எதற்காகச் செய்தார் என்று கவனித்தேன். யானையின் தலையில் சுட்டு, மூளை மயிரிழையில் தவறினால், அந்த அதிர்ச்சியில் யானை எவ்வளவு நேரம் மயங்கிக் கிடக்கும் என்பதை ஒப்பிடத்தான் அந்த எண். .600 என்றால் அரை மணி வரைகூட, .470 வகை என்றால் சில நிமிடம் என்று அனுபவத்திலிருந்து சொல்கிறார். மெல்லிய குண்டு என்றால் யானை மயங்காது. உங்களைத் திரும்பிப் பார்க்கும்.

அதாவது இது சரியாகப் பட்ட குண்டுக்கான சூத்திரமே இல்லை. தவறிய குண்டுக்கான சூத்திரம்.

இது புரிந்ததும் சண்டை எனக்கு வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. பெல்லும் டெய்லரும் ஒரே கேள்விக்கு இரண்டு பதில் சொல்லவில்லை. இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்கள். நினைத்தபடி நடந்தால் எது போதும் என்பது பெல்லின் கேள்வி. நினைத்தபடி நடக்காவிட்டால் எது காப்பாற்றும் என்பது டெய்லரின் கேள்வி.

அவரவர் காடும் அப்படித்தான். கரமோஜா பெரும்பாலும் திறந்த புல்வெளி. யானைகள் துப்பாக்கியை அதிகம் பார்த்திராதவை. பெல் கோணம் அமையும்வரை காத்திருக்கலாம். டெய்லரின் ஆற்றங்கரைப் புதர்களில் யானை கண்ணில் படும்போதே பத்து அடி தூரம். காத்திருக்க நேரம் கிடையாது.

முன்பு நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் ஒரு நிரல் எழுதினேன். ஆயிரத்தில் 999 முறை மின்னல் மாதிரி ஓடும். எல்லாச் சோதனையிலும் பாஸ். அந்த மிச்சம் ஒரு முறை ஒரு தீபாவளி ராத்திரியில் வந்தது. சராசரியைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவன் விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். என் விஷயத்தில் போனது தூக்கம் மட்டும். காட்டில் அப்படி இல்லை.

புத்தகம் எழுதாதவர்கள்

1911 தொடக்கத்தில் பிரிட்டிஷ் கிழக்கு ஆப்பிரிக்காவில், நைரோபிக்குப் பக்கத்துச் சமவெளியில், ஜார்ஜ் கிரே என்பவர் ஒரு சிங்கத்தைத் துரத்திப் போனார். அன்றைய பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் எட்வர்ட் கிரேயின் தம்பி. அனுபவசாலி. கையில் .280 ராஸ், அந்தக் காலத்தின் அதிவேகத் துப்பாக்கி, வினாடிக்கு 900 மீட்டருக்கு மேல். சிங்கம் திரும்பிப் பாய்ந்தது. மிக அருகில் சுட்டார், பட்டது. ஆனால் அந்த லேசான குண்டு அந்த வேகத்தில் தசையிலும் எலும்பிலும் சிதறிவிட்டது. உள்ளே போகவில்லை. சிங்கம் நிற்கவில்லை. சில நாட்களில் அவர் நைரோபி மருத்துவமனையில் இறந்தார்.

கவனியுங்கள், .280க்கும் பெல்லின் 7 மில்லிமீட்டருக்கும் தடிமனில் பெரிய வித்தியாசம் கிடையாது. வித்தியாசம் குண்டின் அமைப்பில். ஒன்று நீளமானது, கெட்டியானது, மிதமான வேகம். மற்றது லேசானது, மெலிந்த உறை, அசுர வேகம். 'சின்ன கேலிபர்' என்று இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டுவதே தவறு. குண்டு எப்படிச் செய்யப்பட்டது என்ற கேள்வி பாதிச் சண்டைகளில் காணாமல் போயிருக்கிறது.

இன்னொரு விஷயம். பெல்லின் புத்தகங்களைப் படித்துவிட்டு '7 மில்லிமீட்டர் போதும்' என்று சொல்கிறவர்கள் மறப்பது இதை: பெல் பிழைத்தார், அதனால் எழுதினார். அவரைப் பின்பற்றிச் சிறிய துப்பாக்கியோடு போய்த் திரும்பாதவர்கள் புத்தகம் எழுதவில்லை. பறக்கிற பறவையை ரைஃபிளால் சுட்டு வீழ்த்தியவர் பெல். அவர் கையில் இருந்தது .275 மட்டும் இல்லை, அந்தக் கண்ணும் நிதானமும் சேர்ந்துதான். கடையில் .275ஐ மட்டும்தான் வாங்க முடியும்.

ஆப்பிரிக்க நாடுகள் பல இதற்குச் சட்டத்தால் பதில் சொல்லிவிட்டன. யானை, எருமைக்கு .375 அல்லது அதற்குச் சமமானதுதான் குறைந்தபட்சம் என்று பல இடங்களில் விதி. 1912இல் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனம் கொண்டுவந்த அந்த .375 இரண்டு கட்சிக்கும் நடுவே நிற்பது. டெய்லரே அதை மிகவும் புகழ்ந்தார். சட்டம் பெல்லுக்காக எழுதப்படவில்லை. சராசரி ஆளுக்காக, அவன் கை நடுங்கும் நாளுக்காக எழுதப்பட்டது.

சம்பாவத்தின் உடைந்த பல்

இப்போது கார்பெட்டுக்கு வருகிறேன். என் கேள்வி அங்கே தொடங்கியது, கடைசியில் பதிலும் அங்கேதான் கிடைத்தது.

1907இல் குமாவுன் மலையில் சம்பாவத் புலியைக் கொல்லப் போனபோது கார்பெட் கையில் இருந்தது .500 கார்டைட் ரைஃபிள், மூன்றே தோட்டாக்கள். அவை தீர்ந்தும் புலி நின்றுகொண்டிருந்தது. ஓடிப்போய்த் தாசில்தாரின் பழைய துப்பாக்கியை வாங்கி வந்து முடிக்கவேண்டி இருந்தது. அந்த வேட்டைக்குப் பரிசாக ஐக்கிய மாகாணத்தின் துணை ஆளுநர் ஜான் ஹெவெட் கொடுத்ததுதான் .275 ரிக்பி. பிற்காலத்தில் கார்பெட் அதிகம் நம்பியது அந்த லேசான துப்பாக்கியை. 1930இல் சௌகர் புலி சில அடி தூரத்தில் படுத்திருந்தபோது, இடது கையில் பறவை முட்டைகள் இருக்க, ஒற்றைக் கையால் அந்தத் துப்பாக்கியை மெல்லத் திருப்பிச் சுட்டார். ஐந்து கிலோ இரட்டைக்குழலில் அது நடந்திருக்காது. மெல்லிய குண்டுக் கட்சிக்கு இது பெரிய சாட்சி. புலி யானை இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். தோலும் எலும்பும் மெலிந்த விலங்கு, அதற்கு 7 மில்லிமீட்டர் தாராளம்.

ஆனால் என்னை நிறுத்தியது வேறு. செத்த சம்பாவத் புலியின் வாயைக் கார்பெட் திறந்து பார்க்கிறார். வலப்பக்கக் கோரைப்பற்கள் மேலும் கீழும் உடைந்திருக்கின்றன. மேல் பல் பாதி, கீழ்ப் பல் எலும்பு வரை. எப்போதோ பட்ட துப்பாக்கிக் குண்டின் வேலை. அதற்குப் பிறகு அதனால் தன் இயல்பான இரையைப் பிடிக்க முடியவில்லை, மனிதர்களிடம் வந்தது என்கிறார். அந்தப் புலி கொன்றவர்கள் என்று அவர் காலத்தில் சொல்லப்பட்ட எண்ணிக்கை 436. நேபாளத்தில் இருநூறு, மிச்சம் குமாவுனில். பெரும்பாலும் விறகும் புல்லும் எடுக்கப் போன பெண்கள்.

1938இல் அவர் கொன்ற தாக் புலியின் உடம்பிலும் இரண்டு பழைய குண்டுக் காயங்கள். ஒன்று சீழ் பிடித்திருந்தது. நம் பக்கத்துக் கதையும் இதுதான். பெங்களூரில் இருந்துகொண்டு ஜவளகிரி, தேன்கனிக்கோட்டைக் காடுகளில் அலைந்த கென்னத் ஆண்டர்சன், கையில் .405 வின்செஸ்டர், அதுவும் நடுத்தரம்தான். அவர் எழுதியதிலும் திரும்பத் திரும்ப வருவது காயம்பட்டுத் தப்பிய விலங்குகள். பயிர்க் காவலுக்கு வைத்திருந்த நாட்டுத்துப்பாக்கி, அல்லது வார இறுதியில் காருக்குள்ளிருந்து சுட்டுவிட்டு ஊருக்குத் திரும்பிய யாரோ ஒருவர்.

சம்பாவத் புலியைச் சுட்டது எந்த அளவுத் துப்பாக்கி? யாரும் எழுதி வைக்கவில்லை. சுட்டவர் பெயரும் இல்லை. அவர் அன்றைக்குச் சாயங்காலம் 'இன்றைக்குத் தவறிவிட்டது' என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டிருப்பார். விலை கொடுத்தவர்கள் மலையின் இந்தப் பக்கத்துக் கிராமங்களில் இருந்தார்கள்.

பெல், டெய்லர் இரண்டு பேரின் கணக்கிலும் இந்த வரிசை கிடையாது. ஒருவர் வேட்டைக்காரனின் செலவைக் கணக்குப் போட்டார், இன்னொருவர் வேட்டைக்காரனின் உயிரை. காயம்பட்ட யானையின் தடத்தில் முதலில் நடந்தவர் துப்பாக்கி இல்லாத தடம் பார்ப்பவர். காயம்பட்ட புலி வந்து சேர்ந்தது அடுத்த பள்ளத்தாக்கின் விறகுக்காரியிடம். நூறு வருட வாதத்தில் அவர்களை யாரும் கேட்கவில்லை.

சரி, என் முடிவு என்ன? மெல்லியதா, தடித்ததா? ஆழத்துக்கு மெல்லியது போதும் என்பதை என் எக்செலே சொல்லிவிட்டது. ஆனால் தவறினால் என்ன ஆகும் என்பதை வைத்துத்தான் தேர்ந்தெடுக்கவேண்டும் என்றால் நான் டெய்லர் கட்சி. அதற்கு மேல் ஒரு விதி உண்டு, அதில் இரண்டு கட்சியும் சேரும்: சந்தேகம் இருந்தால் சுடாமல் திரும்பவேண்டும். பெல் காத்திருந்தார், கார்பெட் காத்திருந்தார். பல்லை உடைத்த அந்தப் பெயர் தெரியாத மனிதர் காத்திருக்கவில்லை.

எட்டாம் வகுப்பில் அந்த நூலகர் "கதையைப் படிடா" என்று சொன்னபோது கோபம் வந்தது. இப்போது அந்த அத்தியாயத்தை மறுபடி படித்தேன். பல் உடைந்த விஷயம் அன்றைக்கும் அதே பக்கத்தில்தான் இருந்திருக்கும். நான்தான் எண்களைப் பார்த்துக்கொண்டு தாண்டிப் போயிருக்கிறேன்.

கணக்கில் பிழை கண்டால் சொல்லுங்கள், திருத்திவிடுகிறேன். கிரெயினிலிருந்து கிராமுக்கு மாற்றும்போது ஒரு முறை ஏற்கெனவே தப்பு செய்து திருத்தினேன்.